இரண்டு மானிட்டரில் சாப்ட்வேர் சொதப்புகிறதா? வரிசையாகச் சரிசெய்யும் முறை

இரண்டாவது மானிட்டரை மாட்டியதும் வரும் தொல்லைகள் எல்லா வீட்டிலும் ஆபீஸிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். லேப்டாப்பில் பளிச்சென்று இருந்த எழுத்து, வெளி மானிட்டருக்கு இழுத்ததும் எண்ணெய்க் காகிதத்துக்குப் பின்னால் போனதுபோல் மங்குகிறது. கணக்கு சாப்ட்வேரைத் திறந்தால் டாஸ்க்பாரில் ஐகான் இருக்கிறது, விண்டோவை எங்கும் காணோம். மெனுவை அழுத்தினால் அது பக்கத்துத் திரையில் போய் விரிகிறது. உடனே சாப்ட்வேரை நீக்கித் திரும்ப நிறுவுவது, டிரைவரை மாற்றுவது, கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். பெரும்பாலும் இவை எதுவும் தேவைப்படாது.

வரிசைதான் முக்கியம். முதலில் கேபிள், பிறகு ரெசல்யூஷன் (திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை), திரைகளின் இருப்பிடம், ஸ்கேல் (எழுத்தையும் பட்டனையும் எத்தனை சதவீதம் பெரிதாக்குவது என்ற அளவு). இவை முடிந்த பிறகுதான் சாப்ட்வேரில் கைவைக்க வேண்டும். பின்னால் உள்ளதை முதலில் தொட்டால், முன்னால் உள்ளதைச் சரிசெய்யும்போது அது மறுபடி கெடும்.

கீழே சொல்வது விண்டோஸ் 11ஐ வைத்து. விண்டோஸ் 10இலும் பெரும்பாலான அமைப்புகள் இதே பெயரில் இருக்கும். ஆனால் அதற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. மேக் வைத்திருப்பவர்கள் 9ஆம் படிக்குப் போகலாம். எல்லாப் படிகளையும் செய்ய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கேபிளோ அடாப்டரோ வாங்க நேர்ந்தால் தவிர காசு செலவில்லை.

1. தொடுவதற்கு முன் குறித்துவைக்க வேண்டியவை

ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதுங்கள். ஒவ்வொரு மானிட்டரின் மாடல் எண் (பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும்), திரையின் அளவு அங்குலத்தில், அதன் இயல்பான ரெசல்யூஷன், எந்த போர்ட்டிலிருந்து எந்த போர்ட்டுக்கு என்ன கேபிள் போகிறது என்பது. லேப்டாப்பின் மாடல் எண்ணை வைத்து, தயாரிப்பாளரின் தளத்தில் அதன் விவரக்குறிப்புப் பக்கத்தையும் எடுத்துவையுங்கள். யூஎஸ்பி சி போர்ட் வழியாகப் படம் வருமா என்பதை அந்தப் பக்கம்தான் உறுதியாகச் சொல்லும். ஓட்டையின் வடிவத்தைப் பார்த்து முடிவுகட்ட முடியாது.

புது மானிட்டர் என்றால் பில்லையும் அட்டைப்பெட்டியையும் இந்த வேலை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். கோளாறு மானிட்டரில்தான் என்று தெரியவந்தால், மாற்றித்தரும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான். அதனால் 2, 3ஆம் படிகளை வாங்கிய அன்றே செய்துவிடுங்கள்.

2. கோளாறு எந்தப் பக்கம்? ஸ்கிரீன்ஷாட் சோதனை

இரண்டு நிமிட வேலை, ஆனால் பாதி அலைச்சலை மிச்சப்படுத்தும். கோளாறு கண்ணுக்குத் தெரியும்போதே வின்டோஸ் + ஷிஃப்ட் + எஸ் அழுத்தி அந்த இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை போனுக்கு அனுப்பி, போனில் பெரிதாக்கிப் பாருங்கள்.

மங்கலோ வெட்டுப்பட்ட பட்டனோ போனிலும் அப்படியே தெரிந்தால் கோளாறு கம்ப்யூட்டருக்கு உள்ளே: ஸ்கேல், சாப்ட்வேர், டிரைவர். போனில் சுத்தமாகத் தெரிந்தால் படம் கம்ப்யூட்டரை விட்டு வெளியேறும்போதோ அதற்குப் பிறகோதான் கெடுகிறது. அப்போது பார்க்க வேண்டியவை ரெசல்யூஷன், கேபிள், அடாப்டர், அனுப்பும் சிக்னலின் வகை, மானிட்டரின் சொந்த மெனு. ஸ்கிரீன்ஷாட், படம் கேபிளில் ஏறுவதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. அதனால்தான் இந்தச் சோதனை நம்பகமானது. நைட் லைட்டின் மஞ்சள் நிறம் மட்டும் விதிவிலக்கு. அது கம்ப்யூட்டர் செய்யும் வேலைதான் என்றாலும் ஸ்கிரீன்ஷாட்டில் வராது.

அடுத்த கேள்வி: மங்கல் எல்லா சாப்ட்வேரிலுமா, ஒன்றில் மட்டுமா? அந்தத் திரையில் எல்லாமே மங்கல் என்றால் 3ஆம் படி. ஒன்றே ஒன்று மட்டும் என்றால் 5, 6.

3. கேபிள், ரெசல்யூஷன், ஹெர்ட்ஸ்

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போங்கள். மேலே கட்டங்களாகத் தெரியும் திரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கீழே ரெசல்யூஷனைப் பாருங்கள். 'ரெக்கமென்டட்' என்று பக்கத்தில் எழுதியிருப்பதுதான் இருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைக் குறைப்பது மிகப் பழைய தவறு. குறைத்தால் அந்தத் திரையில் உள்ள எல்லாமே மங்கும். பெரிதாக்கத்தான் ஸ்கேல் இருக்கிறது.

ரெக்கமென்டட் என்று 1024க்கு 768 மட்டும் காட்டினால், மானிட்டர் தன் விவரத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல முடியவில்லை என்று பொருள். விஜிஏ என்ற பழைய வகைக் கேபிளில் 12ஆம், 15ஆம் பின்கள் வழியாகத்தான் அந்தச் செய்தி போகிறது. மலிவான கேபிளில் அந்தப் பின்கள் இல்லாமலே இருக்கும், அல்லது வளைந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் மானிட்டரின் பெயர் 'ஜெனரிக் நான் பிஎன்பி' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், கேபிளை மாற்றுங்கள்.

பிறகு அதே பக்கத்தில் அட்வான்ஸ்டு டிஸ்பிளேக்குள் போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். திரை நொடிக்கு எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்பதுதான் அது, ஹெர்ட்ஸில் காட்டும். 4கே (3840க்கு 2160 புள்ளிகள்) மானிட்டரில் 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் மவுஸ் ஜவ்வுபோல இழுபடும், ஸ்க்ரோல் செய்தால் எழுத்து நடுங்கும். சாப்ட்வேர் மெதுவாக ஓடுகிறது என்று நினைத்து ரேம் வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று:

எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டோ கேபிளோ நடுவில் இருக்கிறது. அதன் கொள்ளளவு நொடிக்கு 10.2 கிகாபிட், 4கே என்றால் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எச்டிஎம்ஐ 2.0க்கு 18 கிகாபிட், அதில் 60 வரும். டிஸ்பிளேபோர்ட் 1.2லும் 60 வரும்.

யூஎஸ்பி சி ஹப் வழியாகப் போகிறது. பல ஹப்கள் போர்ட்டின் பாதித் தடங்களை யூஎஸ்பிக்கு ஒதுக்கிவிட்டு மீதியில்தான் படத்தை அனுப்புகின்றன. அட்டையில் '4கே' என்று பெரிதாகவும் '30 ஹெர்ட்ஸ்' என்று பொடி எழுத்திலும் போட்டிருப்பார்கள். பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிளைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். அது ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டரில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் என்றால் தனி மின்சாரம் எடுக்கும் ஆக்டிவ் அடாப்டர் வேண்டும்.

செலவு என்று பார்த்தால், 2 மீட்டர் எச்டிஎம்ஐ 2.0 கேபிள் சில நூறு ரூபாயில் முடியும். 60 ஹெர்ட்ஸ் தரும் யூஎஸ்பி சி அடாப்டர் ஆயிரம், இரண்டாயிரம் வரை போகலாம். 4கேவுக்கு 5 மீட்டரைத் தாண்டிய சாதாரணக் கேபிள் வாங்காதீர்கள். திரை நொடிநேரம் கறுத்துக் கறுத்து வரும். அதைத் துரத்தியே ஒரு வாரம் போகும்.

4. திரைகளை மேஜையில் இருப்பதுபோல் அடுக்குங்கள்

டிஸ்பிளே பக்கத்தில் 'ஐடென்டிஃபை' அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் எண் வரும். மேஜையில் எது இடம், எது வலம் என்று பார்த்து, கட்டங்களை அதேபோல் இழுத்துவைத்து 'அப்ளை' கொடுங்கள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் எங்கே சேர்கின்றன என்பதையும் கவனியுங்கள். கட்டங்கள் ஒட்டாத பகுதியில் மவுஸ் சுவரில் முட்டியதுபோல் நிற்கலாம். மவுஸ் ரிப்பேர் என்று நினைக்க வைப்பது இதுதான்.

அடுத்து மெயின் திரை. நீங்கள் நாள் முழுக்கப் பார்க்கும் திரையைத் தேர்ந்தெடுத்து, மல்டிபிள் டிஸ்பிளேஸ் பகுதியில் 'மேக் திஸ் மை மெயின் டிஸ்பிளே' என்பதை டிக் செய்யுங்கள். பழைய சாப்ட்வேர்கள் தங்கள் அளவை மெயின் திரையிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. ஸ்கேலைத் தொடுவதற்கு முன்பே இதை முடிவுசெய்ய வேண்டியது அதனால்தான்.

ஒரு நுணுக்கம். மெயின் திரையின் மேல் இடது மூலையைத்தான் விண்டோஸ் பூஜ்யம், பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு இடப்பக்கம் இன்னொரு திரை இருந்தால் அங்குள்ள இடங்களின் எண்கள் மைனஸில் போகும். மைனஸ் எண்ணை எதிர்பார்க்காமல் எழுதப்பட்ட பழைய சாப்ட்வேர்கள், மெனுவையோ சிறு செய்திப் பெட்டியையோ வேறெங்காவது கொண்டுபோய்த் திறக்கும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், மெயின் திரையை இடது கோடியில் வைத்துப் பாருங்கள். மேஜையில் மானிட்டரை இடம் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் இதைவிட எளிய வைத்தியம் கிடையாது.

இல்லாத திரை ஒன்று பட்டியலில் தெரிந்தால், சுவிட்ச் அணைத்த டிவி எச்டிஎம்ஐயில் மாட்டியபடி இருக்கும், அல்லது ஒரே மானிட்டருக்கு இரண்டு கேபிள் போயிருக்கும். விண்டோக்கள் அந்தப் பேய்த் திரைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கேபிளைக் கழற்றுங்கள். கழற்ற வழியில்லை என்றால், அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து 'டிஸ்கனெக்ட் திஸ் டிஸ்பிளே' கொடுங்கள்.

5. ஸ்கேல்: தொல்லைகளின் தாய்வீடு

விண்டோஸில் 100 சதவீதம் என்பது அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கு. உங்கள் திரைகளில் உண்மையில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று பாருங்கள். 1920க்கு 1080 புள்ளிகள் 24 அங்குல மானிட்டரில் இருந்தால் அங்குலத்துக்கு 92. அதே புள்ளிகள் 15.6 அங்குல லேப்டாப்பில் 141, 14 அங்குலத்தில் 157. 27 அங்குலத்தில் 2560க்கு 1440 என்றால் 109. 27 அங்குல 4கே 163.

14 அங்குல லேப்டாப்புக்குப் பக்கத்தில் 24 அங்குல மானிட்டரை வைப்பதுதான் நம் வீடுகளில் பொதுவான ஜோடி. 157, 92. லேப்டாப்புக்கு 150 சதவீதம், மானிட்டருக்கு 100 என்று விண்டோஸே வைக்கும். ஒரு விண்டோ அந்த எல்லையைத் தாண்டும்போதெல்லாம் தன்னை மறுபடி அளந்து வரைந்துகொள்ள வேண்டும். அது தெரியாத சாப்ட்வேர் அங்கேதான் சொதப்புகிறது. மாறாக 27 அங்குல 4கே வைத்தால் 163. இரண்டு திரைக்கும் 150 சதவீதமே பொருந்தும், பாதித் தொல்லை பிறக்கவே பிறக்காது. இன்னும் மானிட்டர் வாங்கவில்லை என்றால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள். நிறத்தையும் வளைவையும் பற்றி விற்பனையாளர் சொல்வது அப்புறம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: ஒவ்வொரு கட்டத்தையும் தேர்ந்தெடுத்து, ஸ்கேலைப் பட்டியலில் உள்ள 100, 125, 150, 175 என்ற எண்களிலிருந்தே வையுங்கள். இங்கே மூன்று கண்ணிகள் உண்டு.

முதலாவது, கஸ்டம் ஸ்கேலிங் பெட்டி. அதில் 115, 130 என்று ஏதாவது போட்டால் அந்த ஒற்றை அளவு எல்லாத் திரைக்கும் போய்விடும். திரைக்குத் திரை வேறு அளவு என்ற வசதியே போய்விடும். ஏற்கெனவே யாராவது போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு சைன் அவுட் செய்யுங்கள்.

இரண்டாவது, அக்ஸசிபிலிட்டியில் உள்ள டெக்ஸ்ட் சைஸ். அது எழுத்தை மட்டும் பெரிதாக்கும், பெட்டியைப் பெரிதாக்காது. 'சேமி' என்ற பட்டனில் 'சே' மட்டும் தெரிகிற கதை அங்கிருந்து வருவது. 100இல் விட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது: சைன் அவுட். நடுவயதுச் சாப்ட்வேர்கள் பல, நீங்கள் சைன் இன் செய்த அந்த நேரத்தில் மெயின் திரையின் ஸ்கேல் எவ்வளவு இருந்ததோ அதையே அன்று முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும். காலையில் லேப்டாப்பைத் தனியாகத் திறந்து சைன் இன் செய்துவிட்டு, டீ குடித்து வந்து மானிட்டரை மாட்டினால், அவை லேப்டாப்பின் 150ஐத்தான் நினைவில் வைத்திருக்கும். வெளித் திரையில் மங்கும். ஆகவே முதலில் கேபிளை மாட்டுங்கள், பிறகு சைன் இன் செய்யுங்கள். ஸ்கேலையோ மெயின் திரையையோ மாற்றினால் ஒருமுறை சைன் அவுட் செய்து திரும்ப வாருங்கள். மூடியைச் சாத்தித் திறப்பது சைன் அவுட் ஆகாது. அது வெறும் தூக்கம். மாதக்கணக்கில் மூடித் திறந்தே ஓட்டுபவர்களுக்கு 'நேற்று நன்றாக இருந்தது, இன்று மங்குகிறது' என்ற புகார் வருவது இதனால்தான்.

6. ஒரே ஒரு சாப்ட்வேர் மட்டும் மங்கினால்

அந்தச் சாப்ட்வேர் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீடெய்ல்ஸ் பகுதியில் தலைப்பு வரிசையின் மேல் ரைட் கிளிக் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' பட்டியலில் 'டிபிஐ அவேர்னெஸ்' என்பதை டிக் செய்யுங்கள் (டிபிஐ என்பது மேலே பார்த்த, அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு). ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல் வரும்.

'அன்அவேர்' என்றால் அதற்கு ஸ்கேல் என்ற விஷயமே தெரியாது. 100 சதவீதத்தில் வரைந்து கொடுக்கும். அந்தப் படத்தை விண்டோஸ் ரப்பர்போல இழுத்துப் பெரிதாக்கும். 100 இல்லாத எல்லாத் திரையிலும் மங்கும். 'சிஸ்டம்' என்றால் மேலே சொன்ன சைன் இன் நேரத்து ஆள். மெயின் திரையில் சுத்தம், மற்றதில் மங்கல். 'பெர் மானிட்டர்' என்றால் திரை மாறும்போது செய்தி வரும். 2013இல் விண்டோஸ் 8.1உடன் வந்தது. செய்தியை வாங்கிக்கொண்டு சாப்ட்வேர் சரியாக நடந்துகொள்கிறதா என்பது வேறு. அதன் இரண்டாம் பதிப்பு 2017இல் விண்டோஸ் 10க்கு வந்தது. இன்றைய நல்ல சாப்ட்வேர்கள் அதில் இருக்கின்றன.

இனி வைத்தியம். டாஸ்க் மேனேஜரில் அந்தப் பெயரின் மேலேயே ரைட் கிளிக், 'ஓபன் ஃபைல் லொகேஷன்'. இப்படிப் போனால்தான் உண்மையான கோப்பு கிடைக்கும். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான் பல நேரம் வேறொரு கோப்பைத் திறந்துவிட்டுத் தான் மறைந்துகொள்ளும் தரகர் மட்டுமே. அதில் செய்யும் மாற்றம் உள்ளே போகாது. கோப்பின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கீழே உள்ள 'ஓவர்ரைடு' கட்டத்தை டிக் செய்தால் மூன்று தேர்வுகள் வரும்.

'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதை முதலில் பாருங்கள். சாப்ட்வேர் பழைய முறையில் வரைகிற எழுத்தையும் கோட்டையும் விண்டோஸே பெரிய அளவில் வரைந்து கொடுக்கும். எழுத்து கூர்மையாகும், ஐகான் படங்கள் மட்டும் கொஞ்சம் மங்கலாகவே நிற்கும். பழைய பில்லிங், சரக்கு சாப்ட்வேர்களுக்கு இது பல நேரம் பொருந்தும். சிலவற்றில் கட்டங்கள் தாறுமாறாகும், அல்லது எந்த மாற்றமும் தெரியாது. அப்படியானால் 'சிஸ்டம்'. அளவு சரியாக இருக்கும், மங்கலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'அப்ளிகேஷன்' என்பது விண்டோஸ் கையை எடுத்துக்கொள்வது: எழுத்து ஊசிபோல் கூர்மை, ஆனால் 150 சதவீதத் திரையில் எறும்பு அளவுக்குச் சிறுத்துவிடலாம். 100 சதவீதத் திரையிலேயே எப்போதும் திறக்கும் சாப்ட்வேருக்கு மட்டும் இது நல்லது. ஒவ்வொன்றையும் மாற்றியபின் சாப்ட்வேரை முழுதாக மூடித் திறந்து பாருங்கள்.

தேர்வுகள் சாம்பல் நிறத்தில் இறுகியிருந்தால் 'சேஞ்ச் செட்டிங்ஸ் ஃபார் ஆல் யூசர்ஸ்' அழுத்த வேண்டும். அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் போகத்தான் வேண்டும். ஜாவா 8இல் ஓடும் சாப்ட்வேர்களுக்கு 'என்ஹான்ஸ்டு' பலன் தராது. ஸ்கேலுக்கு முறையான ஆதரவு 2017இல் ஜாவா 9உடன்தான் வந்தது. அவற்றுக்கு 'சிஸ்டம்' வைத்துவிட்டு, புதிய ஜாவாவில் ஓடும் பதிப்பு இருக்கிறதா என்று தயாரித்தவரிடம் கேளுங்கள்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு மங்கல் வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. க்குக்கும் கவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு புள்ளி. இழுத்துப் பெரிதாக்கிய படத்தில் முதலில் கரைவது அந்தப் புள்ளிதான். அடுத்து ணவின் சுழி. பிழைதிருத்தும் வேலையை எப்போதும் கூர்மையான திரையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் எழுத்தோரத்தில் நிறம் கசிவதுபோல் தெரிந்தால், ஸ்டார்ட் மெனுவில் 'கிளியர்டைப்' என்று தேடி அதன் சோதனையை ஓட்டுங்கள். ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாக மாதிரி காட்டும், ஐந்து நிமிடம் ஆகும். மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்திருந்தால் இந்தக் கசிவு கூடுதலாகத் தெரியும். கிளியர்டைப், சிவப்பு பச்சை நீலம் பக்கம்பக்கமாக இருக்கும் என்று நம்பி எழுத்தைச் செதுக்குகிறது. திருப்பினால் அவை மேலும் கீழுமாகிவிடுகின்றன.

7. காணாமல் போன விண்டோ

டாஸ்க்பாரில் ஐகானை ஒருமுறை கிளிக் செய்து அந்த விண்டோவை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். வின்டோஸ் + ஷிஃப்ட் + இடது அம்பு. வரவில்லையா, வலது அம்பு. விண்டோ ஒவ்வொரு திரையாகத் தாவி உங்கள் கண்ணில் படும். பத்துக்கு ஒன்பது தடவை இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால், ஆல்ட் + ஸ்பேஸ், பிறகு எம், பிறகு ஏதாவது ஓர் அம்பு விசையை ஒரே ஒரு தடவை. இப்போது மவுஸை நகர்த்தினால் விண்டோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். வந்ததும் கிளிக் செய்து இறக்குங்கள். அம்பு விசையை அழுத்த மறந்தால் ஒட்டாது. விண்டோ முழுத்திரையாக விரிந்த நிலையில் தொலைந்திருந்தால் நகர்த்தும் வசதி வேலை செய்யாது. முதலில் ஆல்ட் + ஸ்பேஸ், ஆர் அழுத்திச் சுருக்குங்கள்.

ஒவ்வொரு தடவையும் அதே சாப்ட்வேர் வெளியே போய்த்தான் திறக்கிறது என்றால், அது கடைசியாக மூடிய இடத்தைச் சேமித்துவைத்து, அந்த இடம் இப்போது இருக்கிறதா என்று பார்க்காமல் திறக்கிறது. மினிமைஸ் செய்த விண்டோவை விண்டோஸ் மைனஸ் 32000, மைனஸ் 32000 என்ற இடத்தில் வைத்திருப்பதாகச் சொல்லும். மினிமைஸில் இருக்கும்போதே மூடினால், கவனமில்லாமல் எழுதிய சாப்ட்வேர் அந்த எண்ணையே எழுதிவைத்துக்கொள்ளும். அடுத்த முறை அங்கேதான் திறக்கும். மேலே சொன்னபடி இழுத்து வந்து, மெயின் திரையின் நடுவில் வைத்து, சாதாரண நிலையில் மூடுங்கள்; நல்ல எண் பதிந்துவிடும். லேப்டாப்பைக் கழற்றி எடுத்துப் போகும் முன்பும் இதே பழக்கம் உதவும்.

இன்னொரு ரகம்: சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எல்லா விண்டோவும் லேப்டாப் திரையில் குவிந்துகிடக்கும். டிஸ்பிளேபோர்ட்டில் மாட்டிய சில மானிட்டர்கள் உறங்கும்போது, கேபிளைப் பிடுங்கியதாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். மல்டிபிள் டிஸ்பிளேஸ் பகுதியில் 'ரிமெம்பர் விண்டோ லொகேஷன்ஸ்' என்று தொடங்கும் வரியை டிக் செய்யுங்கள்; மானிட்டர் விழித்ததும் அவை பழைய இடத்துக்குத் திரும்பும். மானிட்டரின் சொந்த மெனுவில் 'டீப் ஸ்லீப்' என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள்.

8. ஆபீஸ், பிரௌசர், நிறம்

வேர்டும் எக்செலும் ஒரு திரையில் மட்டும் மங்கினால், ஃபைல், ஆப்ஷன்ஸ், ஜெனரல் பகுதியில் 'வென் யூசிங் மல்டிபிள் டிஸ்பிளேஸ்' என்ற வரியைத் தேடுங்கள். இயல்பாக 'பெஸ்ட் அப்பியரன்ஸ்' இருக்க வேண்டும். பழைய ஆட் இன் போட்டிருந்து அதன் பெட்டிகள் சிதைந்தால் மட்டும் 'கம்பாட்டிபிலிட்டி'க்கு மாற்றுங்கள். அந்த மாற்றம் மங்கலைக் கூட்டும், பெட்டிகளைக் காப்பாற்றும். யாரோ எப்போதோ மாற்றிவிட்டு மறந்துபோனதுதான் பல ஆபீஸ்களில் மங்கலின் காரணம். எக்செல் 2010 வைத்திருந்தால் இரண்டு கோப்புகளை இரண்டு திரையில் எளிதாகப் பரத்தவும் முடியாது; 2013 முதல்தான் ஒவ்வொரு கோப்புக்கும் தனி விண்டோ.

பவர்பாயிண்டில் குறிப்புகள் புரொஜெக்டரிலும் ஸ்லைடு உங்கள் லேப்டாப்பிலும் வந்தால் பதறாதீர்கள். பிரசன்டர் வியூவின் மேலே 'டிஸ்பிளே செட்டிங்ஸ்', அதில் 'ஸ்வாப்'. ஒரே கிளிக். கூட்டத்துக்கு முன்பே பழகிப் பார்க்க வேண்டுமென்றால், புரொஜெக்டர் இல்லாமலே ஆல்ட் + எஃப்5 அழுத்தினால் பிரசன்டர் வியூ திறக்கும்.

பிரௌசர் ஒரு திரையில் மட்டும் மின்னினாலோ கறுத்தாலோ, குரோமின் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள். சரியானால் குற்றவாளி கிராபிக்ஸ் டிரைவர். டிரைவரைப் புதுப்பித்துவிட்டு அதைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அணைத்தே வைத்திருந்தால் வீடியோ பார்க்கும்போது பிராசசர் கொதிக்கும். திரை உறைந்துபோனால் வின்டோஸ் + கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (ஏக்கு அடுத்து வரும் பி) அழுத்துங்கள். ஒரு பீப் ஒலியோடு டிரைவர் மட்டும் திரும்பத் தொடங்கும், திறந்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்தும் மானிட்டரில் கறுப்பு சாம்பலாக வெளுத்தால், எச்டிஎம்ஐயில் டிவிக்கான குறைந்த நிற வீச்சில் சிக்னல் போகிறது. கிராபிக்ஸ் கண்ட்ரோல் பேனலில் டைனமிக் ரேஞ்சை 'ஃபுல்' ஆக்குங்கள். சிவப்பு எழுத்து மட்டும் மசமசவென்று இருந்தால் நிற வடிவத்தை 'ஆர்ஜிபி' ஆக்குங்கள். டிவியை மானிட்டராக வைத்து டாஸ்க்பாரின் ஓரம் வெட்டுப்பட்டால், டிவியின் பட மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்'. எச்டிஆரை (வெளிச்ச, நிற வீச்சைக் கூட்டும் வசதி) இயக்கியதும் எல்லாம் வெளிறினால் மலிவான மானிட்டரில் அது இயல்பு. அணைத்துவிடுங்கள், நஷ்டமில்லை.

9. மேக் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே முதல் கேள்வி சாப்ட்வேர் அல்ல, சிப். சாதாரண (ப்ரோ, மேக்ஸ் அல்லாத) எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் நேரடியாக ஓட்டும். எம்3 மேக்புக் ஏர் மூடியைச் சாத்தினால் இரண்டு ஓட்டும். எம்4 ஏர் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு. எத்தனை போர்ட் உள்ள ஹப் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. விண்டோஸில் ஒரே டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து இரண்டு தனித்தனிப் படம் தரும் ஹப்கள் மேக்கில் இரண்டு மானிட்டரிலும் ஒரே படத்தைத்தான் காட்டும். பணம் வீணாகும் இடம் இது.

சுற்றுவழி, டிஸ்பிளேலிங்க் சிப் உள்ள டாக் (பல போர்ட் கொண்ட இணைப்புப் பெட்டி). சாதாரண ஹப்பைவிடப் பல மடங்கு விலை. அதற்கென்று ஒரு சாப்ட்வேர் நிறுவி, 'ஸ்கிரீன் ரெக்கார்டிங்' அனுமதியும் கொடுக்க வேண்டும். அந்த அனுமதியைக் கண்டு பயந்து மறுத்தால் மானிட்டர் கறுப்பாகவே இருக்கும்.

ஒரு திரையில் வீடியோவை முழுத்திரை ஆக்கினால் மற்றது கறுத்துப்போகிறதா? சிஸ்டம் செட்டிங்ஸ், டெஸ்க்டாப் அண்ட் டாக் பகுதியில் 'டிஸ்பிளேஸ் ஹாவ் செபரேட் ஸ்பேசஸ்' என்பதை இயக்கி, லாக் அவுட் செய்து வாருங்கள். 27 அங்குல, 2560க்கு 1440 புள்ளி மானிட்டரில் எழுத்து மெலிந்தும் சொரசொரப்பாகவும் தெரிவதற்கு மானிட்டரைக் குறைசொல்லாதீர்கள். 2018இல் மொஹாவி பதிப்பிலிருந்து, விண்டோஸின் கிளியர்டைப் போல எழுத்தோரத்தைச் செதுக்கும் மெருகூட்டலை ஆப்பிள் கைவிட்டுவிட்டது. மேக்குக்கு 4கே எடுப்பதே நல்லது.

10. அப்படியும் தீராவிட்டால்: புகார் கொடுக்கும் முறை

'டபுள் மானிட்டர்ல சரியா வரலைங்க' என்று எழுதினால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் பதில் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க' என்பதாகத்தான் இருக்கும். இவற்றை முதல் மின்னஞ்சலிலேயே சேர்த்துவிடுங்கள்: விண்டோஸின் பதிப்பு எண் (செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட்), கிராபிக்ஸ் டிரைவரின் பதிப்பும் தேதியும் (டிவைஸ் மேனேஜர், டிஸ்பிளே அடாப்டர்ஸ்), ஒவ்வொரு திரைக்கும் ரெசல்யூஷன், ஸ்கேல், ஹெர்ட்ஸ், எது மெயின், எது இடப்பக்கம், டாஸ்க் மேனேஜரில் அந்தச் சாப்ட்வேருக்கு எதிரே இருந்த சொல், ஸ்கிரீன்ஷாட், அதோடு போனில் எடுத்த திரையின் போட்டோ. ஸ்கிரீன்ஷாட், போட்டோ இரண்டும் சேர்ந்தால்தான் கோளாறு எந்தப் பக்கம் என்று அவர்களுக்குப் புரியும்.

எல்லாத் திரையையும் 100 சதவீதம் ஆக்கி, சைன் அவுட் செய்து வந்து ஒருமுறை சோதித்துவிட்டு, அப்போது கோளாறு போகிறதா இல்லையா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். போகிறது என்றால் பிழை அவர்கள் சாப்ட்வேரின் ஸ்கேல் கையாளுதலில். அதை மானிட்டர் கம்பெனியிடம் தள்ளிவிட அவர்களால் முடியாது. பதில் வரும்வரை அந்தச் சாப்ட்வேரை மெயின் திரையிலேயே திறந்து, அங்கேயே மூடுங்கள்.